காற்றுக்கும் வாடகை

ஆறு குடும்பத்து விளைச்சல், ஒரே ஒரு வேகன். காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது நெட்டையன் எடுத்த சீட்டில் 6 என்று எழுதியிருந்தது. கடைசி இடம்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பக்கத்தில் எட்டிப் பார்த்த வக்கீல், தலைகீழாகப் பிடித்தால் ஒன்பதாகிவிடும், அதற்கு இது தேவலை என்று ஆறுதல் சொன்னார். அவர் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. அவரும் பரங்கிக்காய் போடுகிற விவசாயிதான். எதை எடுத்தாலும் வாதம் பண்ணுவார், அதனால் அந்தப் பெயர். நெட்டையனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்கத் தேவையில்லை. குட்ஸ் ஷெட்டுக்குள் நுழையும்போது அவன் ஒருவன்தான் குனிந்து நுழைவான்.

சரக்கு ரயிலில் கட்டணம் எடைக்கு இல்லை, வேகனுக்கு. உள்ளே தங்கத்தை ஏற்றினாலும் தவிட்டை ஏற்றினாலும் ஒரே பணம். போன வருஷம் வரை ஆறு பேரும் சேர்ந்து இரண்டு வேகன் பிடித்து, தாராளமாகப் பரப்பி அனுப்பினார்கள். இந்த வருஷம் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். குட்ஸ் கிளார்க் புதுத் தொகையைப் படித்தபோது வக்கீல் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இரண்டு வேகன் பிடித்தால் நகரத்துச் சந்தையில் கிடைக்கிற பணம் முழுக்க ரயிலுக்கே போய்விடும். நாலு மாசம் வெயிலில் காய்ந்தது ரயில்வேக்கு இனாமாக உழைத்த கணக்கில் சேரும். லாரி வாடகை அதற்கும் மேல். ஒரு வேகன் என்றால் ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

அந்தக் கொஞ்சத்தில்தான் நெட்டையனின் நிலமே இருந்தது. நாலு ஏக்கர், குத்தகை. மாசக் கடைசிக்குள் அடுத்த வருஷத்துக் குத்தகைப் பணம் வராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறான் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனிதர். அதனால்தான் முன்கூட்டியே சொன்னார்.

வேகனில் இடம் கிடைக்காத காய்க்கும் ஒரு வழி இருந்தது. ஷெட் வாசலில் காலியான லாரி ஒன்று நின்றது, அதன் மேல் சாய்ந்தபடி தரகர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை அவர் எடுத்துக்கொள்வார், மாட்டுத் தீவன விலைக்கு. காலையிலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. பேசத் தேவையில்லை என்பது அவர் கடலை உரிக்கிற நிதானத்திலேயே தெரிந்தது.

ஏற்றுவதற்கு அவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. சீட்டு வரிசைப்படி ஒவ்வொரு குடும்பமும் வேகனுக்குள் தனக்கு வேண்டிய இடத்தில் வைக்கோல் பரப்பும். தன் காயைக் குவிக்கும். அடுத்த குடும்பத்துக் குவியலோடு கலந்துவிடாமல் நடுவில் சாக்குத் திரை கட்டி, திரை ஓரமாக ஒரு சாண் வைக்கோல் அடைக்கும். அவரவர் சொத்து அவரவர் திரைக்குள். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். வேகனின் உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு, காற்றோட்டத்துக்காகப் போட்டது. கோட்டுக்கு மேலே ஒரு காய் எட்டிப் பார்த்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கிளார்க் சொல்லிவிட்டார். எடையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அதை வண்டி தாங்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ஜின் வரும். அதற்குள் ஏற்றி முடிக்காவிட்டால் அடுத்த என்ஜின் நாலு நாள் கழித்துத்தான். அதுவரை வேகன் சும்மா நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கட்டணம்.

பன்னிரண்டு மணிக்கு நாலு குடும்பத்துக் காய் உள்ளே போய்விட்டது. ஐந்தாம் சீட்டு ஒரு அக்கா தங்கையுடையது. கயிறு பிடித்து அளந்து பார்த்தார்கள். மிச்சம் இருந்த இடம் அவர்கள் குவியலுக்கே இறுக்கமாக இருந்தது. தங்கை அளந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நெட்டையனைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவனுடைய காய்கள் மேடையின் கடைசியில், நிழல் விழாத இடத்தில், மலைபோல் கிடந்தன.

தரகர் கடலைத் தோலை ஊதிவிட்டு லாரியின் பின்கதவைத் திறந்து வைத்தார்.

அந்த நேரத்தில்தான் நெட்டையனின் பெண்டாட்டி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். கூடவே அவள் அம்மாவும்.

மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். குள்ளமான உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய உள்ளங்கை. குத்தகைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்று கல்யாணத்தின்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், ஆறு வருஷமாகியும் அதை இறக்கி வைக்கவில்லை. அறுவடைக்கு ஒத்தாசையாக வந்து ஒரு மாசமாகிறது. மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் மகளிடம்தான் சொல்லுவாள், அவன் காதில் விழுகிற அளவுக்கு. 'மாப்பிள்ளை' என்று அவள் வாயால் அவன் கேட்டது இரண்டே தடவை. ஒன்று தாலி கட்டிய அன்று. இன்னொன்று, வீட்டுக்குள் பாம்பு வந்த அன்று.

பெண்டாட்டி கணவனின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு கூடையைக் கீழே வைத்தாள். மாமியார் யாரையும் பார்க்கவில்லை. வேகன் கதவருகே போய், கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"உள்ள என்னடி ஏத்தியிருக்காங்க?"

"பரங்கிக்காய்தாம்மா."

"பாதிதான் பரங்கிக்காய். மீதி காத்து. காத்தை ஏத்தி அதுக்கும் சேத்து வாடகை கட்டுறாங்க. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

வீட்டுக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். ஆனால் பதில் சொன்னது வக்கீல். காய் உருண்டையாக இருந்தால் நடுவில் இடைவெளி இருக்கத்தான் செய்யும், கடவுளே அப்படித்தான் படைத்திருக்கிறார், இதற்கு மேல் நெருக்கினால் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் அடிபடும் என்று மூன்று காரணத்தை விரல்விட்டு அடுக்கினார். அவள் கேட்டு முடித்தாள்.

"தம்பி, உங்க குவியல் எது?"

முதல் சீட்டு அவருடையதுதான். வேகனின் மூலையில், நெஞ்சு உயரத்துக்கு.

"அதை மட்டும் எங்கிட்ட குடுங்க. அரை மணி நேரம். உயரம் இறங்கலைன்னா நானே பழையபடி குவிச்சுத் தந்துடுறேன்."

"காய் உடைஞ்சா?"

"உடைஞ்ச காய்க்கு எங்க மாப்பிள்ளை காய் தருவார்."

மூன்றாவது தடவை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் வேகனுக்குள் ஏறிவிட்டாள்.

முதலில் வைக்கோலை எல்லாம் வெளியே தள்ளினாள். பிறகு காய்களைத் தன்னைச் சுற்றிப் பரப்பச் சொல்லி, நடுவில் நின்று, ஒரு சுற்று கண்ணை ஓட்டினாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் யோசித்து யாரும் பார்க்கவில்லை.

ஒரு காயைத் தூக்குவாள். கையில் கால் சுற்று, சிலதை அரைச் சுற்று திருப்புவாள். கீழே இருக்கிற மூன்று காய்க்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கும். காயின் எந்தப் பக்கம் அந்தப் பள்ளத்துக்குரியது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. வைப்பாள், உள்ளங்கையால் ஒரு தட்டு. தட்டியதும் 'தொம்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அந்தக் காய் அசையாது. எடுத்த காயை ஒரு தடவைகூட அவள் திரும்பக் கீழே வைக்கவில்லை. காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காம்பு போய் நுழைவதற்கென்றே ஒரு சந்து காத்திருந்தது. கோணலாக, ஒரு பக்கம் சப்பையாக வளர்ந்து, விற்காது என்று ஒதுக்கி வைத்திருந்த காய்களை அவள் கேட்டு வாங்கினாள். சுவரும் தரையும் சேருகிற மூலைக்கு அவைதான் வேண்டுமாம்.

நெட்டையன் பிறந்ததிலிருந்து பரங்கிக் கொடிக்கு நடுவே வளர்ந்தவன். விதை ஊன்றி, பூவுக்கு மகரந்தம் தொட்டு வைத்து, காயைத் தலைமேல் சுமந்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறான். அன்றுதான் முதன்முதலாகப் பரங்கிக்காயைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்பக்கம், ஒரு முதுகு, ஒரு இடுப்பு. ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் ஒரே ஒரு இடம். அந்த இடத்தை இவள் அறிந்திருந்தாள்.

அரை மணி ஆகவில்லை. நெஞ்சு உயரம் இருந்த குவியல் இடுப்புக்கு இறங்கியிருந்தது. அது குவியலே இல்லை, சுவர். வக்கீல் உள்ளே ஏறி, இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். பிறகு இறங்கி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குட்ஸ் கிளார்க் பேனாவைக் காதில் செருகியபடியே மேடைக்கு வந்துவிட்டார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

அவள் கதவு வழியாகக் கையை நீட்டினாள். தண்டவாளம் தூரத்தில் வளைந்து திரும்புகிற இடத்தில், அதைத் தாங்குகிற உயரமான மண்கரை. அதன் சரிவு முழுக்க உருண்டைக் கற்கள் பதித்திருக்கும்.

"அந்தக் கரை. பதினாலு வருஷம். ஆத்துக் கல்லு, எல்லாம் உருண்டை. சிமெண்ட் கிடையாது. சிமெண்ட் போட்டா மழைத் தண்ணி வெளிய வர வழியில்லாம கரை வெடிச்சுடும். கல்லு கல்லைப் பிடிச்சுதான் நிக்கணும். மேல ரயில் ஓட ஓட இறுகணும்."

பெண் பார்க்கப் போனபோது, அம்மா என்ன வேலை என்று யாரோ கேட்டதும், ரயில் லைனில் கூலி வேலை என்று பதில் வந்ததும் நெட்டையனுக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதானே என்று விட்டுவிட்டான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க ஆறு வருஷத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. அந்தக் கரை ஓரமாக வாரத்துக்கு நாலு தடவை சைக்கிளில் போகிறவன் அவன்.

அடுத்து அவள் சொன்னதில்தான் சிக்கல். இப்படி ஒரு குவியலை மட்டும் சரிசெய்தால் போதாது. திரைகளை அவிழ்க்க வேண்டும். வக்கீலின் பெரிய காய்களுக்கு நடுவே போக அக்கா தங்கையின் சின்னக் காய்கள் வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாகக் கலக்க வேண்டும். உள்ளே இருக்கிற அத்தனையும் வெளியே வர வேண்டும்.

மேடையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாலு குடும்பத்துக்கு இடம் உறுதியாகிவிட்டது, அவர்கள் எதற்காக இறக்க வேண்டும்? இறக்கிவிட்டு ஐந்து மணிக்குள் ஏற்ற முடியாமல் போனால்? சந்தையில் போய் யாருடையது எது என்று எப்படிப் பிரிப்பது? இரண்டாம் சீட்டுக்காரர், தனக்கு இதில் வேலையே இல்லை என்று கீழே உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு வழக்கு நடத்தியவர் வக்கீல்தான், ஆனால் இந்தத் தடவை மறுபக்கத்துக்காக. காய் கைப்பிடி அளவு பிஞ்சாக இருக்கும்போதே திருட்டுக்குப் பயந்து முள்ளால் தோலில் குறி கீறுகிறோமே, காயோடு சேர்ந்து குறியும் வளர்கிறதே, அது எதற்கு என்று கேட்டார். தன் காயில் பெருக்கல் குறி. அக்கா தங்கைக்கு இரட்டைக் கோடு. நெட்டையனுக்குப் பாதி நிலா. உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பாக நிற்கிறது, கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துப் பிரிப்பான். ஐந்து பேர் கட்டுகிற வாடகையை ஆறு பேர் கட்டினால் யாருக்கு லாபம் என்று கடைசியாக ஒரு கேள்வி போட்டுவிட்டு உட்கார்ந்தார். சரக்கு ஷெட்டில் ஜட்ஜ் இல்லாதது ஒன்றுதான் குறை.

எல்லோரும் நெட்டையனைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது அவன்தான், அவனுக்குத் தெரிந்தது. இப்போதே தன் காயைத் தரகருக்குத் தள்ளிவிட்டால் போவது அவன் நிலம் மட்டும். இதற்குச் சரி என்று சொல்லி, ஐந்து மணிக்கு வேகன் அரைகுறையாக நின்றால் மற்ற ஐந்து குடும்பத்தின் நஷ்டமும் அவன் தலையில்தான் விடியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது வேகன் மூலையில் நின்ற அந்தச் சுவரை மறுபடி பார்த்துவிட்டான்.

"அத்தை, அஞ்சு மணிக்குள்ள முடியுமா?"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"நீங்க எடுத்துக் குடுத்தா முடியும்."

திரைகள் அவிழ்ந்தன. இருபது பேர் மேடைக்கும் வேகனுக்கும் நடுவே வரிசையாக நின்று காயைக் கைமாற்றினார்கள். ஒன்றரை மணிக்கு வேகன் காலி. தரைப் பலகையில் அவள் ஒருத்தி மட்டும், இடுப்பில் கை வைத்து.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஷெட்டில் இருந்தவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். அவள் எல்லாக் காயையும் தானே வைக்கவில்லை. நாலு பேரை உள்ளே நிறுத்திக்கொண்டாள். விரலை நீட்டுவாள், அந்த இடத்தில் வைக்க வேண்டும். கோணலாக வைத்தால் திரும்பிப் பார்க்காமலே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். பெரிசு, சின்னது, சப்பை, காம்பு என்று நாலே வார்த்தை, அதை வைத்தே வேலை நடந்தது. கதவில் நின்று காயைப் பொறுக்கித் தருகிறவன் நெட்டையன். அவன் கைக்கு எட்டாத காய் அந்த மேடையில் இல்லை.

மூன்று மணிக்கு வேலை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. தொம், தொம், தொம் என்று அந்தச் சத்தம் மட்டும், மழைக்கு முந்தின இடி தூரத்தில் கேட்கிற மாதிரி. ஒரு வரிசை முடிந்தால் அது மேலே வரும் வரிசைக்குத் தானாகப் பள்ளம் வெட்டிக் கொடுத்தது. பெருக்கல் குறியும் பாதி நிலாவும் இரட்டைக் கோடும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. எழுந்து வர மாட்டேன் என்று உட்கார்ந்த இரண்டாம் சீட்டுக்காரர் எப்போது வரிசையில் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. நாலு மணி வாக்கில் ஒரு தடவை, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னே நெட்டையன் ஒரு சப்பைக் காயை நீட்டினான். அதுவேதான் வேண்டியிருந்தது. வாங்கி வைத்தாள். பாராட்டவில்லை. அடுத்த தடவை அவன் நீட்டியதைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேடை காலியாகிவிட்டது.

கிளார்க் டார்ச் அடித்துச் சுவரைச் சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசைக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே இன்னும் நாலு விரல் இடம் இருந்தது. டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றார். முப்பது வருஷ சர்வீஸில் இன்றைக்குத்தான் ரயில்வேக்கு நஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஒரு காய் மிச்சம். பாம்பு மாதிரி கழுத்து முறுக்கி வளர்ந்த காய். இது எங்கேயும் உட்காராது என்று அவள் தொடக்கத்திலேயே தள்ளி வைத்தது. இறங்கி வந்தவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தரகரின் லாரியில் வைத்தாள். காலையிலிருந்து காத்திருந்தவர் வெறும் வண்டியோடு போகக்கூடாது பாருங்கள் என்றாள். தரகர் கோபப்படவில்லை. கடலையைக் கையில் பிடித்தபடி அவரும் ரொம்ப நேரமாக வேகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜின் வந்து முட்டியது. அந்த முட்டல் ஒவ்வொரு பெட்டியாகத் தடதடவென்று ஓடி இவர்கள் வேகனை உலுக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் உள்ளே காய்கள் உருள்கிற சத்தம் கேட்கும். நெட்டையன் குனிந்து கதவில் காதை வைத்தான். ஒன்றுமே இல்லை. மலைக்கு அடியில் காதை வைத்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்துச் சந்தையிலிருந்து போன் வந்தது. ஒரு காய்கூட உடையவில்லை, கதவைத் திறந்ததும் இறக்குகிற ஆட்கள் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்கள் என்று ஏஜெண்ட் சொன்னார். நெட்டையன் மறுநாளே நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய் வந்தான். ஒரு வருஷத்துக்கு நிலம் அவனுடையது. அடுத்த வருஷம் கட்டணம் இன்னும் ஏறலாம், யாருக்குத் தெரியும்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்றைக்கு ரயில் நகர்ந்தபோது எல்லோரும் மேடை ஓரத்துக்கு ஓடிப்போய் அந்த வேகனையே பார்த்தார்கள். அது சின்னதாகி, வளைவை நெருங்கி, அந்தக் கரைமேல் ஏறியது. மாமியார் மட்டும் வேகனைப் பார்க்கவில்லை என்பதை நெட்டையன் கவனித்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்து, அவள் பார்த்தது கரையை. கடைசிப் பெட்டி தாண்டும்வரை பார்த்தாள்.

"நாங்க பதிச்சப்ப இவ்வளவு கனத்த வண்டி ஓடல, மாப்பிள்ளை," என்றாள். "நல்லாத்தான் தாங்குது."

அவனும் பார்த்தான். சாயங்கால வெயில் சரிவில் விழுந்து ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆயிரம், பத்தாயிரம், எத்தனையோ. ஒவ்வொன்றும் கீழே இருக்கிற மூன்று கல்லுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.